ராசிபலன் மங்கிய காலை

அண்ணா,

செவ்வாய்க்கிழமை காலையில் என் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வேறு யார் படித்தாலும், இவனும் ராசிபலன் பார்க்க ஆரம்பித்துவிட்டானா என்று சிரிப்பார்கள். கூடத்துச் சுவரில் அதே தினசரி காலண்டர். தரையில் அதே மூலை உடைந்த டைல்ஸ். அந்த உடைசலில் கால் கட்டைவிரலை வைத்து நின்று, ஒன்றுக்கும் உதவாத இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கருவிழி மாற்றிய வலது கண்ணால் தாளின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். மேஷம் லாபம், ரிஷபம் செலவு என்று ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு சொல். விருச்சிகத்துக்கு என்ன என்று படித்துவிட்டால் அந்த நாள் பிழைத்தது. நேற்றுப் படித்த அளவு எழுத்தை இன்று படிக்க முடியவில்லை என்றால், காப்பி குடிக்கக்கூட நிற்காமல் கண் டாக்டரிடம் ஓட வேண்டும். இது நீங்கள் போட்ட சட்டம்.

அன்று பெரிய தேதி எண் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு புகை. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி நின்றேன். ட்யூப்லைட்டை நிமிர்ந்து பார்த்தபோது, மழைக்கு முந்தின நாள் நிலாவைப் போல அதைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தது. 

"விருச்சிகத்துக்கு என்ன போட்டிருக்கு?" என்று சமையலறைப் பக்கம் கேட்டேன்.

என் மனைவி எட்டிப் பார்த்துப் படித்தாள். "சுகம்." அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "ஏன், தெரியலையா?"

இந்தச் சட்டத்தை நீங்கள் எனக்குச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. முதலில் நீங்கள் ராகு காலத்தைத்தான் படிக்கச் சொன்னீர்கள். நான் தரக்கட்டுப்பாட்டுக்காரன், விடுவேனா? "செவ்வாய்னா மூணுலேர்ந்து நாலரைன்னு மனப்பாடமாவே தெரியும். அதைப் படிக்கிறது கண்ணா, ஞாபகமா?" என்று மடக்கினேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப ராசிபலன் படி சார். அது டெய்லி மாறும். உனக்கு இன்னா, தினம் 'பகை'ன்னுதான் போட்டிருக்கும், ஈஸியா கண்டுபுடிச்சிடுவ" என்றீர்கள். உங்கள் கடையில் நின்றிருந்த பிளம்பர்கூட சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுநாள் முதல் படிக்க ஆரம்பித்தேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது கண் மருத்துவமனையின் வராந்தாவில். ஒரே வாரத்தில் இருவருக்கும் கருவிழி மாற்றியிருந்தார்கள். எனக்குக் கருவிழி கூம்பிக் கூம்பி மெலிந்துபோகிற நோய். இடது கண்ணைக் கைவிட்ட பிறகு வலதைப் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்குச் சின்ன வயதில் களத்தில் நெல் தூசி பட்டுப் புண்ணாகி, பூ விழுந்த இடது கண். உங்கள் குடும்பத்து நிலமெல்லாம் மனைகளாகி, நீங்கள் மாடம்பாக்கத்தில் குழாய், பெயின்ட், சிமென்ட் விற்கிற கடை வைத்து, பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயது வரைக்கும் அந்தப் பூவோடே இருந்திருக்கிறீர்கள்.

கட்டுப் போட்ட என் கண்ணையும் உங்கள் கண்ணையும் மாறி மாறிச் சுட்டி, "இன்னா சார், நீ ரைட்டு, நான் லெஃப்ட்டு. ரெண்டு பேரும் ஒட்டிக்கினு போனா ஒரு முழு ஆளு" என்றீர்கள்.  யாருக்கும் பதில் சொல்லாத காலம் அது. மறைமலை நகர் கார் உதிரிபாகக் கம்பெனியில், முடி அளவு கீறலையும் கண்டுபிடிக்கிற கண் என்று பெயர் வாங்கியவன் நான். கண் மங்கியதும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். பிறகு ஒரு பூங்கொத்து கொடுத்து, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டிய ஒவ்வொரு முகமும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த முகங்களைப் பார்க்கிற அளவுக்கு அன்று பார்வை மிச்சமிருந்தது.

நீங்களோ என் மௌனத்தைப் பொருட்படுத்தவே இல்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று தெரிந்ததும், "பகல்ல மருந்து யாரு உடுவாங்க உனக்கு?" என்று கேட்டீர்கள். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறாள், மகள் பெங்களூரில், நானேதான் என்றேன். "நானே நானேன்னு உட்டா கன்னத்துலதான் ஊத்தும். கடைக்கு வா."

அப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. மத்தியானச் சொட்டுக்கு நான் உங்கள் கடைக்கு வருவேன். டாக்டர் தூசி கூடாது என்றதால் சிமென்ட் மூட்டைகளை வேறு குடோனுக்கு அனுப்பிவிட்டிருந்தீர்கள். பின்னறையில் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஃபேன். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவீர்கள். உங்கள் தடித்த கட்டைவிரல் என் கீழிமையை இழுத்துப் பிடிக்கும். "பாட்டில பாக்காத சார். பாத்தா பயம் வரும், பயம் வந்தா கண்ணு மூடிக்கும். மேல பாரு. ஃபேன பாரு." நான் ஃபேனைப் பார்ப்பேன். சொட்டு எப்போது விழுந்தது என்றே தெரியாது. பிறகு இடம் மாறுவோம். உங்கள் கண்ணில் நான் விடுவேன்.

ஒரு நாள் வாளி வாங்க வந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணே, கண்ணு டாக்டர் ஆயிட்டியா?" என்றார். "ஆமா, உனக்கும் ஆபரேசன் பண்ணணுமா? வந்து படு" என்றீர்கள். அவர் வாளியைக்கூட வாங்காமல் போனார்.

கருவிழி மாற்றிய பிறகு வாழ்க்கை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் முடிந்தது, பார்வை வந்தது, கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குள் இருப்பது அடுத்தவருடையது என்பதை உடம்பு எந்த நிமிஷமும் கண்டுபிடித்துவிடலாம். பிறகு அதை வெளியே தள்ளப் பார்க்கும். அந்த நிமிஷம் வராமல் சொட்டு மருந்தால் உடம்பை ஏமாற்றிக்கொண்டே இருப்பதுதான் மிச்ச வாழ்க்கை. தலைக்குக் குளிக்கும்போது பின்னால் சாய வேண்டும். கசக்கக் கூடாது. தூங்கும்போது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கண் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போனால் முகத்தைத் திருப்ப வேண்டும். சிவன் கோயிலில் என் மாமனார் எனக்கு விபூதி பூசி நெற்றியில் ஊதப் போனபோது, பின்னாலிருந்து உங்கள் கை வந்து என் கண்ணை மூடியது. "ஊதாதீங்க பெரியவரே, உள்ள வாடகைக்கு ஆள் கீது" என்றீர்கள். அவர் இன்றுவரை அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதைவிடக் கஷ்டம் மற்ற டாக்டர்கள். கண் டாக்டருக்கு நான் ஒரு கண். சர்க்கரை டாக்டருக்கு நான் ஒரு சொட்டு ரத்தம். பல் டாக்டருக்கு ஒரு கடைவாய்ப் பல். முழு ஆளையும் ஒரே இடத்தில் பார்க்கிறவர் யாரும் இல்லை. ஒருவர் கொடுக்கிற மருந்து இன்னொருவர் காப்பாற்றியதைக் கெடுக்குமா என்று கவலைப்பட வேண்டியது நோயாளியின் வேலை. "எந்த டாக்டராண்ட போனாலும் மொதல்ல கண்ணச் சொல்லு, அப்பறம் எதுக்கு வந்தியோ அதச் சொல்லு" என்பீர்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நீங்கள் வாயைத் திறந்ததும், "டாக்டர், எனக்குக் கண்ணு மாத்திகிறாங்க" என்று ஆரம்பிக்க, அந்தப் பெண் டாக்டர் பயந்துபோய், "சார், இது பல் கிளினிக்" என்றாளாம். நீங்களே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள் செய்த காரியத்தைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் பெண் கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு வீசிங் வந்தது. மூச்சுக்காக யாரோ மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஸ்டீராய்டு. சர்க்கரை எகிறியது. சர்க்கரை டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டு உங்களுக்கு ஆகாது, உடனே நிறுத்துங்க" என்றார். அவர் சொன்னது அந்த மாத்திரையை. நீங்கள் வீட்டுக்கு வந்து, கண் சொட்டும் ஸ்டீராய்டுதான் என்பது நினைவுக்கு வர, அதையும் நிறுத்தினீர்கள். அரைகுறையாகக் கேட்டு அல்ல, முழுசாகக் கீழ்ப்படிந்து உங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டீர்கள். நான் அப்போது மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தேன். ஃபோனில் கேட்டால், "கண்ணு சூப்பரா கீது சார், நீ பேரன கவனி" என்பீர்கள்.

கல்யாண மண்டபத்தில் கூலிங் கிளாஸோடு உங்களைப் பார்த்தேன். வீடியோக்காரரின் லைட் பட்டதும் கண்ணாடிக்கு அடியில் தண்ணீராக வழிந்தது. பெண்ணைக் கொடுக்கிற அழுகை என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் உங்களை ஓரமாக இழுத்துக் கண்ணாடியைக் கழற்றினேன். சிவந்து, நடுவில் மோர் ஊற்றின மாதிரி இருந்தது.

"எத்தனை நாளா?"

"கத்தாத சார். தாலி ஏறட்டும், போலாம்."

"மருந்து விடுறீங்களா இல்லையா?"

"ஸ்டீராய்டு ஆகாதுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. நான் ரெண்டையும் நிறுத்திட்டேன்" என்றீர்கள். அந்தக் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாள் கண் டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இது இனித் தெளியாது, வரிசையில் காத்திருந்து மறுபடிதான் மாற்ற வேண்டும் என்றார். வராந்தாவிலேயே உங்களைத் திட்டினேன். முட்டாள் என்றேன். நீங்கள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "டாக்டர் சொன்னத அப்படியே கேக்கணும்னு நீதான சார் சொல்லுவ" என்றீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் உங்கள் மேல் கோபம். வரிசையில் உங்கள் முறை வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டீர்கள் பாருங்கள், அதற்கும்.

உங்கள் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது. பூ விழாத உங்கள் வலது கண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தீர்கள். "வாங்குனவன் திருப்பிக் குடுக்கணும், அதான் மரியாத." உங்கள் பெண் தலையாட்டியதும் கண் வங்கிக்கு ஃபோன் செய்தேன். அவர்கள் சொன்னபடி தலையணை வைத்துத் தலையைத் தூக்கினேன். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்தேன். கடைசியாக ஃபேனை நிறுத்தினேன். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். உங்கள் அத்தை ஒருவர், "யாருடா இவன், பொணத்துக்குக்கூட காத்து குடுக்காதவன்" என்று கத்தினார். நான் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கண் வங்கி ஆட்கள் வரும்வரை யாரையும் அதைப் போடவிடவில்லை. நின்றுபோன அந்த ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்பே எனக்கு வலது தோள் இறுகிவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கு வருமாம். சட்டை மாட்ட முடியவில்லை, தலை வார முடியவில்லை. எலும்பு டாக்டர் தோளில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். மேற்கு தாம்பரத்தில் புதிதாக வந்திருக்கும் சர்க்கரை டாக்டரிடம் கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமலே, "உங்க சுகர்ல ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம். எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார்.

அண்ணா, உங்கள் கண்ணைக் கொண்டுபோன அதே வாக்கியம். அதே அவசரம்.

"கண்ணுல விடுற சொட்டும் ஸ்டீராய்டுதான் டாக்டர். எனக்குக் கருவிழி மாத்தியிருக்கு. அதையும் நிறுத்தணுமா?" என்றேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அய்யய்யோ, அதைச் சொல்லல. அதை நிறுத்தாதீங்க. உங்க கண் டாக்டரைக் கேக்காம அதுல கையே வைக்காதீங்க."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் எனக்கு ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. நீங்கள் விழுந்த குழியைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன். மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் கண்ணுக்குள் விழவும் இல்லை. வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் விட்டுக்கொண்டிருந்தேன். பாதி நாள் கன்னத்தில்தான் போயிருக்கிறது. ஈரமாக இருந்தது, விழுந்துவிட்டது என்று நம்பிக்கொண்டேன். மனைவியைக் கேட்டிருக்கலாம். "கீழதானே இருக்கார், உங்க தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சிடும்?" என்று அவள் ஒரு நாள் சொல்லிவிட்டதால், அவளோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

தம்பி கதை உங்களுக்குத் தெரியும். சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தி நடுவில், எல்லார் முன்னாலும், "எங்க அண்ணன் பாஸ் பண்ணின பார்ட் போட்ட கார்ல யாரும் ஏறாதீங்க, அவனுக்கே கண்ணு தெரியல" என்றான். வேலை போன புதிது. பாயசக் கரண்டியோடு நின்றவர்கூட சிரித்தார். நான் பாதி இலையில் எழுந்தேன். அன்றிலிருந்து பேச்சில்லை. அவன் கீழ்த்தளம், நான் மேல்தளம். மோட்டர் ஸ்விட்ச் அவன் வீட்டுக்குள், தண்ணீர்த் தொட்டி என் தலைக்கு மேல். தொட்டி நிரம்பினால், நீங்கள் கொடுத்த ஸ்பேனரால் குழாயில் இரண்டு தட்டு தட்டுவேன். அவன் மோட்டரை நிறுத்துவான். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். தானாக நிற்கிற ஸ்விட்ச் உங்கள் கடையிலேயே இருந்தது. "வாங்கிக்கினு போயேன் சார்" என்று எத்தனை முறை சொன்னீர்கள். நானும் வாங்கவில்லை, அவனும் வாங்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் கருவியில் என் முகத்தைப் பதித்துப் பார்த்தார். வழக்கமாகப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். அன்று பேச்சு நின்றது. 

"எப்பலேர்ந்து மங்கல்?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து."

"இன்னிக்குத்தானா? யோசிச்சுச் சொல்லுங்க."

"நேத்து 'வரவு'ன்னு தெளிவாப் படிச்சேன் மேடம்."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் நான் சொல்வது நிச்சயம் என்பது மட்டும் புரிந்தது. உடம்பு கருவிழியைத் தள்ள ஆரம்பித்திருக்கிறது, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். சர்க்கரை இருப்பதால் மாத்திரை வேண்டாம் என்றார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு. சர்க்கரை டாக்டருக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார். தோள் ஊசி இப்போதைக்கு இல்லை. "ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. யார் விடுவாங்க?" என்று கேட்டார்.

நீங்கள் வராந்தாவில் கேட்ட அதே கேள்வி.

மனைவி இரண்டு நாள் லீவு போட்டாள். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் விடவில்லை, அட்மிஷன் சமயம். காலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிப் போனாள். அடுத்த மணி வந்தது. தலையை நாற்காலியில் சாய்த்து இடது கையில் பாட்டிலைப் பிடித்தேன். ஃபேனைப் பார்க்கலாம் என்றால், பாட்டிலின் முனைதான் கண்ணை நோக்கி இறங்கி வந்தது. இடது கை குறி தவறி, முனை இமைமுடியில் பட்டது. இன்னும் நூலளவு இறங்கியிருந்தால் தையல் போட்ட இடம். பாட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.  கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கக்கூடப் பயம். சாவைக்கூட எப்படியோ நினைத்துப் பார்த்துவிடுகிறேன். இந்தக் கூடத்தில், இந்த நாற்காலியில், மனைவி எப்போது வருவாள் என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளும் ஒருவனாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

உங்கள் குரல் கேட்டது. நான் ஆவி நம்புகிறவன் இல்லை. ஒரு நாள் கடையில், ஆபத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது, எல்லாரும் துரோகிகள் என்று புலம்பியபோது நீங்கள் சொன்னதுதான். "சண்ட போட்டவனத் தவிர உனக்கு யாரு சார் கீறாங்க? அதுலேர்ந்தே ஒருத்தனப் புடி."

ஸ்பேனரை எடுத்தேன். குழாயில் இரண்டு தட்டு.

கீழே கதவு திறக்கிற சத்தம். யாரும் ஏறி வரவில்லை. மறுபடி தட்டினேன். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. தம்பி வாசலிலேயே நின்றான். வயதாகிவிட்டது அவனுக்கு. அல்லது என் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது.

"மோட்டரே போடலையே. எதுக்குத் தட்டின?"

"மருந்து விடணும்."

அவன் என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். என் கண்ணைப் பார்த்தான். அண்ணிக்கு ஃபோன் பண்ணட்டுமா என்று கேட்பான் என்று நினைத்தேன். "கை கழுவணுமா?" என்று கேட்டான்.

"ரெண்டு தடவை. சோப்புப் போட்டு."

கழுவி வந்தான். என் தலைக்குப் பின்னால் நின்றான். "எனக்குப் பழக்கமில்ல. கை ஆடுது. ஏதாவது ஆயிடப்போகுது."

"கீழிமையை இழு. முனை படக் கூடாது. ஒரே சொட்டு."

ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தவனின் விரல் என் ஒரே கண்ணின் இமையில் இருந்தது. ஃபேனைப் பார்த்தேன். விரல் இமையை இழுத்தது. பிறகு அவன், "அன்னிக்குப் பந்தியில நான்..." என்று ஆரம்பித்தான்.

"பேசாத. கை ஆடும்."

சொட்டு விழுந்தது. நடுக் கண்ணில், குளிர்ச்சியாக.

அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். மன்னிக்கவில்லை. அந்தப் பந்தி நினைவுக்கு வந்தால் இப்போதும் இலையை மடித்து எழத் தோன்றுகிறது. ஆனால் மணிக்கொரு தரம் நாற்காலியில் சாய்ந்து அவனிடம் கண்ணைக் கொடுக்கிறேன். அவன் விரலில் சோப்பு வாசனை. முதல் நாள் ஆடிய கை இப்போது அவ்வளவாக ஆடுவதில்லை. போகும்போது, "அடுத்தது நான் வரேன், நீ எழுந்திருக்காத" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இதைக் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில், சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் எழுதுகிறேன். கண் இன்னும் தெளியவில்லை. நேற்றுப் பார்த்தபோது சிவப்பு குறைந்திருக்கிறது, காத்திருங்கள் என்றார் டாக்டர். இன்று காலை டைல்ஸ் உடைசலில் நின்றேன். விருச்சிகத்துக்கு நேரே முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. 'ப'. பகையா, பயமா, பரிசா, பரிவா, மீதியெல்லாம் புகை. மருந்து விட வந்த தம்பி சுவரைப் பார்த்துவிட்டு, "படிக்கட்டுமா?" என்றான். வேண்டாம், தெரியும்போது நானே படித்துக்கொள்கிறேன் என்றேன். அவன் அந்தத் தாளைக் கிழிக்காமல் விட்டுவிட்டுப் போனான்.

பயம் போகவில்லை, அண்ணா. இந்தக் கருவிழி உள்ளவரை போகாது. உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ஒரு ஸ்பேனர், ஒரு சட்டம், மேலே பார்க்கிற பழக்கம்.

குழாயில் இரண்டு தட்டு கேட்கிறது. இந்தத் தடவை கீழேயிருந்து. மோட்டர் ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்கிறேன். பாட்டிலைப் பார்க்கமாட்டேன். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் பார்க்கப்போகிறேன்.